ஒரு புடவைக்குள் எத்தனை உயிர்?

கினிகத்தேனைக்கு மழை புதியதன்று. தென்மேற்குப் பருவக் காற்று மலைச்சரிவில் மோதித் தன் சுமையை இறக்கிவைக்கும் இடங்களுள் முதன்மையானது எங்கள் ஊர். இச்சுற்றுவட்டாரத்தில் சில தோட்டங்களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சுவரில் பச்சை படர்வதும், பெட்டியில் மடித்து வைத்த துணியில் பூஞ்சணம் பூப்பதும் இங்கே அன்றாடக் காட்சிகள். ‘தீப்பற்றிய சேனை’ என்று பொருள்படும் சிங்களப் பெயரைத் தாங்கிய ஊருக்கு இத்தனை தண்ணீர் என்பது இயற்கையின் வேடிக்கை போலும்!

சென்ற மாதம் அத்தகைய மழை நாளொன்றின் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. வாதி, அருகிலுள்ள தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி. பிரதிவாதி, அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. ஒரு காலத்தில் என்னிடம் பாடம் கேட்டு, இன்று தானே ஆசிரியையாக விளங்குபவள். வருகிற தை மாதம் அவளுக்குத் திருமணம். வழக்குப் பொருளோ, மூதாட்டியின் மடியில் வெள்ளைத் துணியிற் பொதிந்து கிடந்த அரக்கு நிறப் பட்டுப் புடவை.

“வாத்தியாரய்யா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இவ அம்மா கல்யாணத்துக்கு நான் எடுத்த கூறை இது. ரெண்டு வருசத்துத் தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக் காசையும் போட்டு அட்டன் கடையில எடுத்தது. இதையும் கட்ட மாட்டாளாம். அவ அம்மா வெளிநாட்டுல இருந்து காசு அனுப்புறேங்கிறா; புதுசும் வாங்க மாட்டாளாம். பட்டே வேணாங்கிறா!”

“அம்மாயி, கோபப்படாதீங்க. சேர், ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்களை உயிரோட அவிக்கிறாங்க. அது தெரிஞ்ச பிறகு அதைக் கட்டிக்கிட்டு நான் எப்படி மணவறையில உட்காருவேன்?”

“செத்துப்போன புழுவுக்கு இரங்குறா. உசிரோட இருக்கிற எனக்கு இரங்க மாட்டேங்கிறா!”

மூதாட்டியின் குரல் தழுதழுத்தது. பேத்தி தலை குனிந்தாள். இருவரும் என் முகத்தை நோக்கினர். தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கு ஏது? “முதலில் அந்தப் புழு யார், எவர், அதன் பிறப்பு வளர்ப்பு யாது என்று பார்ப்போம்; பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்” என்று கூறி, தேநீர் கொணரச் சொன்னேன். அன்று அவர்களிடம் கூறியதைத்தான் இந்த வாரம் வாசக அன்பர்களிடமும் கூறப் போகிறேன்.

உண்பதே தொழில்

பட்டுப்புழு, உண்மையில் புழுவன்று. ஓர் அந்துப்பூச்சியின் இளமைப் பருவம். தாய்ப்பூச்சி ஒன்று 400 முதல் 500 முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் கடுகினும் சிறியது. பத்து நாளளவில் முட்டை வெடித்து, மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள கரிய நூல்துண்டு போன்ற குஞ்சுப் புழு வெளிப்படும். அது தேடுவது ஒன்றையே, முசுக்கொட்டை இலை. மல்பரி என்று நாம் வழங்குவதும் அதுவே. வேறு இலையை அது விரும்புவதில்லை.

அன்று தொடங்கிய விருந்து ஏறத்தாழ நான்கு வாரம் நடைபெறும். இடையிடையே நான்கு முறை உணவை நிறுத்தித் தலையைத் தூக்கியவாறு அசையாது கிடக்கும். பார்ப்போர் அதனை உறக்கம் என்பர். உண்மையில், வளர்ந்த உடலுக்குப் பழைய சட்டை சிறுத்துப் போனமையால் தோலை மாற்றிக்கொள்ளும் வேளை அது. நான்கு சட்டைகளையும் கழற்றி ஐந்தாம் பருவத்தை அடைந்தவுடன் அதன் பசிக்கு எல்லையே இல்லை. வாழ்நாள் முழுவதும் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த இறுதி வாரத்திலேயே தீர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒருங்கே இலை கடிக்கும் ஓசை மழை பெய்வது போலிருக்கும் என்று புழு வளர்ப்போர் கூறுவர். லயத்துத் தகரக் கூரையின் கீழ் வளர்ந்த நமக்கு அந்த ஓசையை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த எடையைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு எடையை அது இருபத்தைந்து நாளில் அடைந்துவிடுகிறது. மூன்று கிலோ எடையுடன் பிறந்த ஒரு குழந்தை அவ்வாறு வளர்ந்தால், ஒரு மாதத்திற்குள் அதன் எடை 30,000 கிலோ ஆகும்! தொட்டிலை விடுங்கள், வீடே தாங்காது.

பிறகு ஒரு நாள் அது உண்பதை நிறுத்தும். உடல் கண்ணாடி போல் தெளிந்து மஞ்சள் சாயல் பெறும். வளர்ப்போர் அதனைச் ‘சந்திரிகை’ எனப்படும் மூங்கில் தட்டியில் விடுவர். புழுவின் உடலுக்குள் இரு பக்கமும் இரண்டு நீண்ட சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஊறும் நீர்மம் வாயின் கீழுள்ள சிறு துளை வழியே வெளிவந்து இழையாக இறுகுகிறது. இரு சுரப்பிகளின் இரு இழைகளையும் ஒருவகைப் பசை ஒன்றாக ஒட்டுகிறது. தலையை 8 என்ற எண்ணின் வடிவில் ஆட்டி ஆட்டி, அந்த ஒற்றை இழையைத் தன்னைச் சுற்றிலும் இரண்டு மூன்று நாள் இடைவிடாது பின்னிக்கொள்கிறது அப்புழு. முடிவில் வேர்க்கடலையின் ஓடு போன்றதொரு கூடு உருவாகும். அதன் இழையைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீற்றர் வரை போகும். ஊசி இல்லை, தறி இல்லை, ஆசான் இல்லை. ஆயினும் இடையில் ஓர் அறுந்த முடிச்சும் இல்லை.

கொதிநீர்

கூட்டுக்குள் புழு கூட்டுப்புழுவாகி, பின் அந்துப்பூச்சியாக உருமாறும். விட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு நீர்மத்தை உமிழ்ந்து, கூட்டின் முனையை இளக்கித் துளைத்துக்கொண்டு வெளிவரும். துளைத்த கூட்டின் இழை துண்டு துண்டாகிவிடும். நீண்ட நூலாகச் சுற்றி எடுக்க முடியாது. ஆகவேதான் பூச்சி வெளிவருமுன் கூட்டை ஆவியிலோ வெப்பக் காற்றிலோ இட்டு, உள்ளிருக்கும் உயிரை மாய்த்துவிடுகின்றனர். பின்பு கூடுகளைக் கொதிநீரில் இட, பசை இளகும். இழையின் தலைப்பைப் பிடித்து, எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளை ஒருங்குசேர்த்து இராட்டையிற் சுற்றுவர். அதுவே கச்சாப் பட்டு.

பேத்தி கூறியது பொய்யன்று. எத்தனை உயிர் என்று கணக்கிட்டே பார்ப்போம். ஒரு கிலோ எடையில் 500 முதல் 600 கூடுகள் இருக்கும். நல்ல இனமாயின் ஏழு கிலோ கூட்டிலிருந்து ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும். அதைச் சவர்க்கார நீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் காற்பங்கு போய்விடும். அரைக் கிலோ தூய பட்டு கொண்ட புடவையாயின், அதற்கு ஏறத்தாழ 2,500 கூடுகள் வேண்டும். இழைக் கழிவையும் சேர்த்தால் 3,000ஐ நெருங்கும். அக்கூடுகளின் இழையை ஒன்றுடன் ஒன்று முடிந்தால், இலங்கையின் வடமுனையிலிருந்து தென்முனைக்கு இருமுறை போய்வந்தாலும் மிஞ்சும்.

“பாத்தீங்களா, அம்மாயி?” என்றாள் பேத்தி.

“பொறு, கணக்கு இன்னும் முடியவில்லை” என்றேன் நான். அந்தப் புழுக்களுக்கு இலை பறித்துப் போட்டது யார்? ஒரு கிலோ கூடு விளைய, காம்பும் கழிவும் உட்பட இருபது கிலோவுக்கு மேல் இலை வேண்டும். ஒரு புடவைக்குரிய கூடுகளுக்கோ 100 கிலோ இலை. நம் தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்று நிறுவைக்கு நின்ற கைகளுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்: ஒரு பெண் ஐந்தாறு நாள் ஓயாது பறித்தால் எவ்வளவோ, அவ்வளவு இலை. அதுவும் நினைத்த நேரத்தில் போடும் இலை அன்று. நாளுக்கு மூன்று நான்கு முறை, இரவிலும், இளம் புழுவுக்குத் தளிரை நறுக்கியும், முதிர்ந்த புழுவுக்கு முற்றிய இலையைக் கிளையோடும் இடவேண்டும். மழையில் நனைந்த இலை கூடவே கூடாது. ஈர இலையும் ஈரக் காற்றும் புழுக்களுக்கு நோயை வருவிக்கும். நம் கினிகத்தேனை மழையில் பட்டுப்புழு வளர்க்க நினைப்போர் முதலில் வானத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்!

மூதாட்டி முதன்முறையாக முகம் மலர்ந்தார். “அப்ப அங்கேயும் கொழுந்து பறிக்கிற பொம்பளைக இருக்காகளா?” என்று வினவினார்.

இருக்கின்றனர், அம்மா. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியான இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் அப்பெண்களை இன்றும் காணலாம்.

சீனத்திலிருந்து நம் வாசல் வரை

பட்டின் தாயகம் சீனம். மன்னன் மனைவி ஒருத்தி முசுக்கொட்டை மரத்தடியில் தேநீர் அருந்துகையில் கிண்ணத்தில் ஒரு கூடு விழுந்ததாகவும், அதை எடுக்கப்போய் இழையைக் கண்டதாகவும் சீனர் கதை சொல்வர். தேநீரும் பட்டும் ஒரே கிண்ணத்தில் சந்தித்தன என்னும் இக்கதை நம்மவருக்குப் பிடிக்காமற் போகாது. கதை எவ்வாறாயினும், சீனர் அவ்வித்தையை நெடுங்காலம் பிறர் அறியாது காத்தனர் என்பது வரலாறு. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் என்னும் உரோமப் பேரரசன் காலத்தில் துறவிகள் சிலர் முட்டைகளைத் தம் ஊன்றுகோலின் உட்டுளையில் மறைத்துக் கொணர்ந்தனர் என்பர். அதன்பின் மேற்கிலும் பட்டு விளைந்தது.

தமிழருக்குப் பட்டு அந்நியமன்று. பட்டையும் மயிரையும் பருத்தி நூலையும் கொண்டு நெய்வோர் வாழ்ந்த வீதியைக் காவிரிப்பூம்பட்டினத்திற் காட்டுகிறது சிலப்பதிகாரம்.

நம் இலங்கையிற் பட்டு தொடர்பாக ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியன் என்னும் சீனத் துறவி அநுராதபுரத்துக்கு வந்தார். தாயகத்தை விட்டுப் பல ஆண்டுகள். உடன் புறப்பட்டோரிற் சிலர் மாண்டனர், சிலர் பிரிந்தனர். ஒரு நாள் அபயகிரி விகாரையிற் புத்தர் சிலைக்கு முன் ஒரு வணிகன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைப்பதை அவர் கண்டார். அது சீன நாட்டு விசிறி. கண்டதும் அத்துறவியின் கண்கள் நீர் சொரிந்தன. பற்றற்றவரையும் ஒரு துண்டுப் பட்டு அழவைத்துவிட்டது! துணி என்பது வெறும் துணி அன்று. அது ஊரும் உறவும் காலமும் சேர்ந்த நினைவு. வெளிநாட்டில் வேலை செய்யும் மகளை எண்ணிப் பெட்டியைத் திறந்து திறந்து மூடும் ஒரு தாய்க்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் மைசூர்ப் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்பு வேரூன்றியதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மேற்கொண்ட முயற்சியே காரணம். இன்று உலகில் சீனத்துக்கு அடுத்தபடியாக மிகுந்த பட்டு விளைவது இந்தியாவிலேயே. இலங்கையிலும் முயற்சிகள் நடந்தன. ஒல்லாந்தர் தம் ஆட்சியில் முயன்றனர்; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராதனையில் ஒரு பட்டுப் பண்ணையும் இருந்தது. ஆயினும் தேயிலை பெற்ற இடத்தை முசுக்கொட்டை பெறவில்லை.

மாணவர்கள் மறவாதிருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: லூயி பாஸ்டர். 1865இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கொள்ளை நோயால் மடிந்து, அதை நம்பியிருந்த குடும்பங்கள் தத்தளித்தன. அரசு பாஸ்டரை அனுப்பியது. அதற்குமுன் அவர் பட்டுப்புழு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அல்லர். ஐந்தாண்டு உழைத்தார். இடையில் 1868இல் பக்கவாதம் தாக்கியும் ஓயவில்லை. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியிற் பார், நோய்க்கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிடு என்பதே அவர் கண்ட வழி. இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்களில் அதுவே சட்டம். பின்னர் மனிதரின் தொற்றுநோய்களை ஆராய்ந்து அவர் பெயர் பெற்றதற்கு இந்தப் புழுக்களிடம் கற்ற பாடமும் ஒரு படிக்கட்டு.

தேயிலைச் செடியிலும் ஒரு நெசவாளி

“நூல் நூற்கும் புழு நம்ம தேயிலையிலயும் இருக்கே, ஐயா! இலையைச் சுருட்டி உள்ளே படுத்துக்கிடக்கும்” என்றார் மூதாட்டி. நாற்பது ஆண்டுகள் மலையில் நின்ற கண்கள் எதைத்தான் காணவில்லை!

அவர் கூறியது இலைச் சுருட்டுப் புழுவை. அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் குழந்தையே. தன் வாயிலிருந்து இழைவிட்டு, அருகருகே உள்ள தேயிலை இலைகளை ஒன்றுசேர்த்துக் கட்டி, அந்த அறைக்குள் ஒளிந்திருந்து இலையைத் தின்னும். அது நூற்பதும் பட்டுதான். ஆனால் ஒன்றின் பட்டுக்கு நாம் ஜரிகை இடுகிறோம். மற்றதன் பட்டுக்கு மருந்து அடிக்கிறோம்.

ஒரு காலத்தில் இப்புழு இலங்கைத் தேயிலைக்குப் பெரும் பகையாக இருந்தது. 1935–36இல் யாவாத் தீவிலிருந்து மிகச் சிறிய ஒரு குளவியினத்தைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வருவித்தனர். அக்குளவி இந்தப் புழுவின் உடலிலேயே முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். குளவி பரவிய இடங்களில் பகை அடங்கியது. பின்னர் 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிப்பதற்காகக் கடும் நஞ்சுகள் தெளிக்கப்பட்டன. வண்டோடு குளவியும் மாண்டது. விளைவு? இலைச் சுருட்டுப் புழு மீண்டும் தலைதூக்கியது. நண்பர் யார், பகைவர் யார் என்று அறியாமல் வீசும் கோல் நம் தலையிலேயே விழும் என்பதற்கு நம் மலைநாட்டு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

தறியடியில் அமர்ந்தவர்

நூலானபின் பட்டு காஞ்சிபுரம் போன்ற ஊர்களுக்குச் செல்கிறது. அங்கே ஓரிழையாக அன்றி மூன்றிழை முறுக்கி நெய்வதே காஞ்சிப் பட்டின் உறுதிக்குக் காரணம். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம்; இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்துகொண்டே ஒன்றோடொன்று கோத்துப் பிணைப்பது ‘கோர்வை’. துணி கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்பர். இதற்குத் தறியில் ஒருவர் போதார். பக்கத்தில் நாடா தள்ள மற்றொருவர் வேண்டும்.

அந்த மற்றொருவர் பல காலமாக ஒரு சிறுவனோ சிறுமியோவாக இருந்ததுதான் பட்டின் மறுபக்கம். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் அமர்ந்ததையும், நூல் சுற்றும் பட்டறைகளில் சிறு விரல்கள் கொதிநீரில் தோய்ந்ததையும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு விரிவான அறிக்கையாக வெளியிட்டது. ‘காஞ்சிவரம்’ படத்தைப் பார்த்தோர், தன் மகளின் திருமணத்துக்கு ஒரு பட்டுப் புடவை நெய்துவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கிய அந்த நெசவாளியை மறந்திரார். நெய்பவன் மகளுக்குப் பட்டில்லை. நல்ல தேயிலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போக, பறித்தவள் வீட்டுக்குத் தூள் தேயிலை வந்ததை அறிந்த நமக்கு அவனுடைய துயரம் புதியதா?

ஆகவே, “ஒரு புடவைக்குள் எத்தனை உயிர்?” என்ற கேள்விக்குப் புழுக்களை மட்டும் எண்ணி விடைகூற இயலாது. இலை பறித்தவள், இரவில் விழித்துப் புழுவுக்கு உணவிட்டவள், கொதிநீரில் கை வைத்தவள், தறிக்குழியில் காலை மடக்கி அமர்ந்தவன் ஆகிய அனைவருமே அந்த மடிப்புக்குள் இருக்கின்றனர். இறுதியில், அதனை வாங்குவதற்காக இரண்டு ஆண்டு தீபாவளியைப் புத்தாடையின்றிக் கழித்தவளும் இருக்கிறாள்.

மற்றொரு வழி உண்டா?

பட்டுக்காக உயிர்க்கொலை வேண்டாம் என்பது இன்றைய பிள்ளைகள் மட்டும் கூறும் கருத்தன்று. பட்டுக்குப் பெயர்போன காஞ்சியிலேயே, அங்குள்ள மடத்தின் தலைவராக விளங்கிய சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், பட்டுடுத்துவதை விடுமாறு தம் அடியார்களிடம் வற்புறுத்தி வந்தார்.

பூச்சியை வெளியேறவிட்டு, எஞ்சிய கூட்டைப் பஞ்சுபோல் நூற்கும் ‘அகிம்சைப் பட்டு’ம் இன்று கிடைக்கிறது. அசாமில் ஆமணக்கிலை தின்னும் எரிப் புழுவின் கூடு இயல்பாகவே ஒரு பக்கம் திறந்திருக்கும். அதன் பட்டு பளபளப்புக் குறைந்தது. ஆனால் குளிருக்கு இதமானது. எனினும் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுப் பட்டுப்புழுவின் அந்துப்பூச்சி மனிதரோடு பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பறக்கவும் மறந்துவிட்டது. வெளிவந்தால் உண்பதில்லை, துணை தேடி, முட்டையிட்டு, சில நாளில் மடியும். 2,500 பூச்சிகளை வெளியே விட்டால் அவை இடும் முட்டைகள் ஐந்து இலட்சமாகும். அத்தனைக்கும் இலைக்கு எங்கே போவது? கருணைக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கூறி முடித்தபோது மழை சற்றே விட்டிருந்தது. பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பின்பு அந்தப் புடவையைத் தன் மடிக்கு எடுத்து விரித்தாள். ஈரத்தால் ஒரு மூலையில் பூஞ்சணப் புள்ளிகள். ஒரே மடிப்பாக ஆண்டுக்கணக்கில் இருந்தமையால், முந்தானை மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டிருந்தது. மூதாட்டியின் கண்கள் கலங்கின.

“அம்மாயி, இதை நானே தைக்கிறேன். இதுதான் என் கூறை” என்றாள் பேத்தி. “ஆனா புதுசு ஒண்ணும் வேணாம். அம்மாவை அந்தக் காசுல விமானச் சீட்டு வாங்கிக்கிட்டுக் கல்யாணத்துக்கு வரச் சொல்லுங்க. எனக்குப் புடவையைவிட அம்மாதான் வேணும்.”

தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் அதைக் கூறியவன் நான் அல்லன். இறந்த புழுக்கள் மீளமாட்டா. அவற்றின் உழைப்பையும் அம்மாயியின் உழைப்பையும் பெட்டிக்குள் மக்கவிடுவது அவற்றுக்குச் செய்யும் மரியாதையும் அன்று. ஒரு புடவை மூன்று தலைமுறை மணவறை ஏறுமாயின், இரண்டு புடவைக்குரிய ஐயாயிரம் உயிர்கள் தப்பும் அல்லவா? அப்பெண்ணின் இரக்கமும் தோற்கவில்லை. மூதாட்டியின் அன்பும் தோற்கவில்லை.

இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள்

எங்களைப் போன்ற மழை ஊரில் பட்டை வைத்திருப்போர் இவற்றைக் கவனிக்க வேண்டும். பட்டுப் புடவையைப் பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள். பழைய பருத்தித் துணியிற் சுற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வெயில் நேரே படாத நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. வியர்வையோடு மடித்து வைத்தல் ஆகாது.

கடையில் வாங்கிய நூல் பட்டுத்தானா என்று ஐயம் தோன்றின், ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். உண்மைப் பட்டாயின் மயிர் கருகும் மணம் வரும். சாம்பல் விரலால் தேய்த்தாற் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகிக் கடினமான மணியாக இறுகும். இந்தியாவில் 2004 முதல் தூய பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரையும் இடப்படுகிறது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய பட்டு உறங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த விடுமுறையில் அம்மாயியையோ அப்பாயியையோ அருகில் அமர்த்திக்கொண்டு, அது எப்போது, எந்தக் காசில், யாருக்காக வாங்கப்பட்டது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. முந்தானைத் தையல் முடிந்துவிட்டதாகவும், வெளிநாட்டிலுள்ள தாய்க்கு விடுமுறை கிடைத்துவிட்டதாகவும் நேற்றுச் செய்தி வந்தது. மணநாளன்று மட்டும் கினிகத்தேனை வானம் சற்றுப் பொறுத்தருள வேண்டும் என்பதே இப்போது எங்கள் ஊராரின் வேண்டுதல்.